கும்பகோணத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடை: அமுக்கராவும் அதிமதுரமும் வாங்கப் போகிறவர்களுக்கு

கும்பகோணம் பெரிய கடைத் தெருப் பக்கம் நாட்டு மருந்துக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. போடலாமா என்று கேட்டதற்கு, "பேரெல்லாம் வேண்டாம்மா, தீபாவளிக் கூட்டத்தையே சமாளிக்க முடியல" என்று கடைப் பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அடையாளம் மட்டும் சொல்கிறேன்: வாசலில் வசம்பு வளையல் கொத்துக் கொத்தாகத் தொங்கும், படியோரம் வெட்டிவேர்க் கட்டு சாய்த்து வைத்திருக்கும், உள்ளே உத்தரம் வரைக்கும் மர டிராயர்கள். இது எல்லா நாட்டு மருந்துக் கடைக்கும் பொருந்துமே என்றால், பொருந்தும்தான். யாருக்கு, எதற்கு, வேறு என்ன மாத்திரை ஓடுகிறது என்று எந்தக் கடையில் கேட்கிறார்களோ அதுதான் நான் சொல்லும் கடை.

நான் பாபநாசத்தில் ஒரு மெடிக்கலில் பார்மசிஸ்ட். பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் அட்டை அட்டையாக வெட்டிக் கொடுத்தே பொழுது போகிறவள். அதனால் நாட்டு மருந்து என்றால் முகம் சுளிப்பேன் என்று நினைக்க வேண்டாம். சுக்கு, சித்தரத்தை, கண்டந்திப்பிலி இல்லாமல் எங்கள் வீட்டில் மழைக்காலம் கழிந்ததே கிடையாது. இரண்டு பக்கமும் தெரிந்திருப்பதில் ஒரு தொல்லை மட்டும் உண்டு. என்னிடம் மாத்திரை வாங்குகிறவர்கள் வேர் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்ல மாட்டார்கள், திட்டுவார் என்று பயம். நாட்டு மருந்துக் கடையில் மாத்திரை சாப்பிடுவதைச் சொல்ல மாட்டார்கள், அங்கே யாரும் கேட்பதில்லை. இந்தப் பெரியவர் கேட்டு வாங்கிவிடுகிறார்.

போன முறை எனக்கு முன்னால் ஒரு பையன் நின்றான். கையில் போன், அதில் ஏதோ வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. அஸ்வகந்தா பவுடர் கால் கிலோ என்றான். நம் ஆட்கள் சொல்லும் அமுக்கராக் கிழங்குதான்.

"யாருக்கு தம்பி?"

"எனக்குத்தான் தாத்தா. ஜிம்முக்குப் போறேன்."

"வேற மருந்து மாத்திரை ஏதும் சாப்பிடுறியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "தைராய்டுக்கு மட்டும் காலையில ஒண்ணு."

தட்டில் அள்ளிப் போட்ட கிழங்கைப் பெரியவர் திரும்ப டிராயரிலேயே கொட்டினார். "மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வா. கிழங்கு எங்கயும் ஓடிப்போயிடாது."

பையனுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு போயிருப்பான், அது வேறு கதை. ஆனால் பெரியவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. அமுக்கரா தைராய்டுச் சுரப்பைக் கூட்டக்கூடியது. தைராய்டு குறைவு என்று மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொண்டால் அளவு மிஞ்சிப் போய்ப் படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை என்று வரலாம். தைராய்டு ஏற்கெனவே அதிகமாக இருக்கிறவர்கள் தொடவே கூடாது. தூக்க மாத்திரை போடுகிறவர்களுக்கு மயக்கம் கூடும். சுகர் மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துபோக இடமுண்டு. கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. ஆபரேஷன் தேதி குறித்தவர்கள் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டு, சாப்பிட்டு வந்ததை மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கல்லீரல் விஷயமும் உண்டு. அமுக்கரா காப்ஸ்யூல் சாப்பிட்ட சிலருக்கு மஞ்சள் காமாலை வந்ததாக ஐஸ்லாந்து, அமெரிக்கா, இந்தியா என்று பல இடங்களிலிருந்து மருத்துவக் குறிப்புகள் இருக்கின்றன. நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிட்டது. டென்மார்க்கில் 2023இல் அமுக்கராவுக்குத் தடையே போட்டுவிட்டார்கள், அது கல்லீரலுக்காக அல்ல, ஹார்மோனையும் கர்ப்பத்தையும் பாதிக்கலாம் என்ற கவலையில். தடை வரைக்கும் போனது அதிகம் என்பது என் அபிப்பிராயம், தலைமுறை தலைமுறையாக இங்கே சாப்பிட்டு வந்த கிழங்கு. ஆனால் அந்தத் தலைமுறைகள் சாப்பிட்டது பாலில் அவித்துக் காயவைத்து இடித்த கிழங்கு, அதுவும் திரிகடி அளவு, அதாவது மூன்று விரல் நுனியால் எடுக்கிற அளவு. இப்போது காப்ஸ்யூலில் அடைத்து வருவதில் பாதி, சத்தைச் சுண்டக் காய்ச்சி எடுத்தது. "பாட்டி சாப்பிட்டாளே" என்று சொல்லிக்கொண்டு காப்ஸ்யூலை விழுங்குவதில் நியாயம் இல்லை. எதைச் சாப்பிட்டாலும் சிறுநீர் கறுத்துப் போவது, கண் மஞ்சளாவது, உடம்பெல்லாம் அரிப்பு, பசியே இல்லாமல் குமட்டல் என்று ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டு ரத்தம் பார்க்க வேண்டும்.

சரி, சரக்குக்கு வருகிறேன். இங்கே அமுக்கரா முழுக் கிழங்காகவே இருக்கிறது. விரல் தடிமன், மேலே வெளிறிய மண் நிறம், நெடுக்கே சுருக்கம். பெரியவர் ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் ஒடித்துக் காட்டினார். படக்கென்று உடைந்தது. உள்ளே மாவு மாதிரி வெள்ளை, பூச்சித் துளை இல்லை. மோந்து பார்த்தால் குதிரை லாயத்து வாடை லேசாக அடிக்கும், அது அடித்தால்தான் சரக்கு. நுனி நாக்கில் வைத்தால் கசப்பு. வளைத்தால் ஒடியாமல் வளைந்து கொடுக்கிற கிழங்கு ஈரம் வாங்கியது, வேண்டாம் என்றார். மத்தியப் பிரதேசத்தில் நீமச், மந்த்சௌர் பக்கம்தான் இது அதிகம் விளைகிறது. அங்கிருந்து மூட்டையாகக் கிளம்பி, கை மாறிக் கை மாறிக் காவிரிக்கரைக்கு வருவதற்குள் எத்தனை மழைக்காலத்தைப் பார்த்ததோ, யார் கண்டது? அதனால் ஒடித்துப் பார்த்து வாங்குவது முக்கியம்.

பவுடராக வாங்குவதில் எனக்கு உடன்பாடே இல்லை. மருந்தாகச் சொல்லப்பட்டது வேர். இலையும் தண்டும் மலிவு என்பதால் அரைத்துக் கலந்துவிடுகிறார்கள், இது உலகம் பூராவும் நடக்கிற கலப்படம். அரைத்த பிறகு கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. இலையில் வேறு மாதிரிச் சத்து, அதுவும் அதிகமாக. நான் வாங்கியபோது 100 கிராம் முழுக் கிழங்கு எழுபது ரூபாய் வாக்கில் ஆனது. பாக்கெட் பவுடர் அதைவிடக் குறைவு என்றால் ஏன் குறைவு என்று யோசிக்க வேண்டாமா?

வாங்கிய கிழங்கை அப்படியே அரைத்துத் தின்னக் கூடாது. பெரியவர் கையைக் காற்றில் ஆட்டி ஆட்டிச் செய்முறை சொன்னார், நான் வீட்டில் செய்தும் பார்த்தேன். கிழங்கைக் கழுவி, மேல்தோல் லேசாகச் சுரண்டி, சின்னத் துண்டாக நறுக்கிக்கொள்ள வேண்டும். அகலமான பாத்திரத்தில் பாலும் தண்ணீரும் சரிபாதி. பாத்திரத்தின் வாயில் வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டி, அதன்மேல் துண்டுகளைப் பரப்பி, இன்னொரு பாத்திரத்தால் மூடி, பாலும் தண்ணீரும் முக்கால்வாசி வற்றும் வரை ஆவியில் அவிப்பது. பிட்டவியல் என்பார்கள். அவிந்ததை நல்ல வெயிலில் சுக்காகக் காயவைத்து அரைத்துச் சலித்தால் சூரணம். அவிக்கும்போது வீடு முழுக்க ஒரு வாடை அடிக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் திண்ணைக்கு எழுந்து போய்விட்டார். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலை வைத்துக்கொள்ளாதீர்கள், நம் ஊர் மழையில் காயாது, பூஞ்சணம் பூத்துவிடும்.

இந்த வேலையெல்லாம் ஆகாது என்கிறவர்கள் கடையிலேயே அமுக்கராச் சூரணம் கேட்பார்கள். அதில் அமுக்கரா மட்டும் இருப்பதாக நினைப்பது தவறு. கிராம்பு ஒரு பங்கு என்றால் சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. இப்படி ஒவ்வொன்றும் முந்தியதைப் போல இரட்டிப்பு. கூட்டிப் பாருங்கள், பாதி சர்க்கரை! எங்கள் மெடிக்கலுக்கு மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை வாங்க வருகிறவர்கள் சிலர் இதைப் பாலில் கலந்து, பாலுக்குத் தனியாகச் சர்க்கரையும் போட்டுச் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குத் தலை சுற்றியது. பெரியவர் சுகர்க்காரர்களுக்குச் சூரணம் தருவதில்லை, சித்த மருத்துவரைப் பார்க்கச் சொல்லிவிடுகிறார்.

அளவு பற்றி ஒரு குறை. திரிகடி என்றால் மூன்று விரல் நுனியால் எடுக்கிற அளவு, அவ்வளவுதான். கிராமுக்குச் சற்று முன்பின் வரும். இது பெரியவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வாங்கிப் போகிற பெண்ணுக்குத் தெரியுமா? அவள் வீட்டில் இருப்பது ஸ்பூன். சாம்பார்ப் பொடி போடுகிற ஸ்பூனில் குவித்து எடுத்தால் நாலைந்து கிராம் வந்துவிடும். பொட்டலத்தின் மேல் பேனாவால் கிழங்கின் பெயர், அரைத்த தேதி, அளவு மூன்றையும் எழுதிக் கொடுத்தால் என்ன? சூரணத்துக்கு ஆயுள் மூன்று மாதம் என்று சித்த வைத்தியத்திலேயே கணக்கு இருக்கிறது. தேதி போடாத பொட்டலத்துக்கு எந்த மூன்று மாதம்? இதைக் கடையிலேயே சொன்னேன். "எழுதிடுவோம்மா" என்றார். அடுத்த முறை போனபோதும் பழைய செய்தித்தாள், சணல் கயிறு, அதே பொட்டலம்தான்.

அடுத்தது அதிமதுரம். இதைச் சொல்லத்தான் எனக்கு அதிக ஆசை, ஏனென்றால் இதில்தான் நம் பக்கத்து ஜனங்கள் ஏமாறுகிறார்கள். இனிப்பாக இருப்பது என்ன செய்துவிடும் என்ற நினைப்பு. தஞ்சாவூர் ஜில்லாவில் பாடுகிறவர்களுக்குக் குறைச்சலா? தேவாரம் பாடுகிற ஓதுவார், பஜனை மடத்துக்காரர், கச்சேரிக்காரர், மேடையில் பேசுகிறவர் எல்லோர் சட்டைப் பையிலும் ஒரு துண்டு இருக்கும். மார்கழி வந்தால் இன்னும் அதிகம். எங்கள் மெடிக்கலுக்கு வரும் ஒரு பெரியவர், கோயிலில் திருப்பாவை கோஷ்டிக்குப் போகிறவர், பிரஷர் மாத்திரையோடு நீர் பிரிகிற மாத்திரையும் சாப்பிடுகிறார். மார்கழி பூராவும் அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். தைப் பொங்கல் சமயத்தில் கால் வீங்கி, உடம்பு அசதி தாங்காமல், பிரஷர் ஏறிப்போய் வந்தார். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைந்திருந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டுவதா என்று யோசித்துக்கொண்டிருக்க, அவர் பேச்சுவாக்கில் சொன்ன அதிமதுரத்தை நிறுத்தியதும் படிப்படியாக எல்லாம் இறங்கியது.

காரணம் இதுதான். அதிமதுரத்தின் இனிப்பு கிளைசிரைசின் என்ற பொருளால் வருவது, சர்க்கரையைவிட 50 மடங்கு வரை இனிக்கும். அது உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. நீர் பிரிகிற மாத்திரைகள் பலவும் பொட்டாசியத்தைத் தள்ளுகிறவை. இரண்டும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? டிகாக்சின் போன்ற இதய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். ஐரோப்பாவில் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசினுக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். வேரில் 4 சதவீதம் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் இரண்டரை கிராம் வேரில் அந்த அளவு வந்துவிடும். சுண்டுவிரல் நீளத் துண்டு ஒன்றை மென்று தீர்த்தால் போதும். தொண்டைக் கரகரப்புக்கு இரண்டு மூன்று நாள் சின்னத் துண்டு, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மாதக்கணக்கில் வேண்டாம். பிரஷர், இதயம், சிறுநீரகம் என்று கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பக்கமே போக வேண்டாம்.

இந்தக் கடையில் அதிமதுரம் தரம் நன்றாக இருக்கிறது. குறுக்கே வெட்டினால் நல்ல மஞ்சள், நார் நாராகப் பிரியும், நாக்கில் வைத்த உடனே இனிக்கும். குன்றிமணிக் கொடியின் வேரை இதற்குப் பதிலாகத் தள்ளிவிடுவது பழைய வழக்கம், அதன் விதை கொடிய விஷம் என்பது ஊரறிந்தது. இங்கே அப்படிக் கலந்து நான் பார்த்ததில்லை.

பெரியவர் சாப்பிடப் போகிற நேரத்தில் கல்லாவில் ஒரு தம்பி உட்காருவான். அப்போது இந்தக் கடையும் மற்றக் கடைகள் மாதிரிதான். கேள்வியே கிடையாது, கேட்டதை நிறுத்துக் கொடுப்பான். கைக்குழந்தையோடு வந்த ஒரு அம்மாவுக்கு உரைமருந்து சாமான் கட்டிக் கொடுத்தான், வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு எல்லாம் போட்டு. பச்சைக் குழந்தைக்கு வசம்பை உள்ளுக்குக் கொடுப்பது வேண்டாம் என்று நான்தான் வாய் விட்டேன். கூட வந்த பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்கள்லாம் வளக்கலியா?" நியாயமான கேள்விதான். ஆனால் வசம்பில் ஆசரோன் என்ற பொருள் இருக்கிறது. எலிகளில் புற்று உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968இலேயே உணவில் சேர்க்கத் தடை விதித்தார்கள். நம் நாட்டு வசம்பில் அது கூடுதல். குழந்தைக்கு விடாமல் வாந்தி வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் நடக்கிறது. சுட்டு இழைத்து வயிற்றின்மேல் தடவுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். வளையல் போட்டால் குழந்தை அதைத்தான் முதலில் வாயில் வைக்கும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாட்டி சமாதானமானதாகத் தெரியவில்லை.

கண்வலிக் கிழங்கு கேட்டு வருகிறவர்களைப் பெரியவர் விரட்டிவிடுகிறார். கார்த்திகை மாதம் வேலியில் தீக்கொழுந்து மாதிரி பூக்கும் செங்காந்தளின் கிழங்கு அது. மாநில மலர் என்ற பெருமை ஒரு பக்கம், கிழங்கில் இருக்கும் கால்ச்சிசின் ஆளையே கொல்லும் என்பது இன்னொரு பக்கம். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று செத்தவர்கள் உண்டு. மருந்துச் சட்டத்தின் விஷப்பொருள் அட்டவணையிலும் இருக்கிறது. நன்னாரி, வெட்டிவேர் வகையறாவுக்கு இத்தனை விசாரணை கிடையாது, கேட்டவுடன் கிடைக்கும். நன்னாரி வாசம் அருமை.

இன்னும் இரண்டு குறைகள். அரைக்கிற மிஷின் ஒன்றுதான். எனக்கு முன்னால் சீயக்காய் ஓடியிருக்கிறது. ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓட்டிக் கழித்துவிட்டுத்தான் என்னுடையதைப் போட்டார்கள், இருந்தாலும் சுக்குப் பொடியில் சீயக்காய் வாடை அடித்தது. அதனால் மருந்துச் சரக்கை வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துக்கொள்வது நல்லது. அடுத்தது பில். கேட்டால்தான் தருகிறார்கள், அதிலும் "மருந்து சாமான்" என்று மொத்தமாக ஒரு வரி. நாளைக்கு ஒன்று ஆனால் என்ன சாப்பிட்டோம் என்று டாக்டரிடம் காட்ட எதுவும் இருக்காது. தஞ்சாவூரில் சரபோஜி மன்னர், 1798 முதல் 1832 வரை ஆண்டவர், தன்வந்திரி மகால் என்று வைத்து நாட்டு வைத்தியத்தையும் ஆங்கில வைத்தியத்தையும் ஒரே இடத்தில் நடத்தினார். கண் நோயாளிகளைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகள் சரஸ்வதி மகாலில் இன்றும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் அதைச் செய்தார்கள். இப்போது ஒரு பில்லில் நாலு சரக்கின் பெயரை எழுதக் கை வலிக்கிறது.

நோய்க்கென்று சாப்பிடுகிறவர்கள் கடையோடு நிற்க வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் சித்தா பிரிவு இருக்கிறது, மருத்துவர் நாடி பார்த்து, மாத்திரைச் சீட்டையும் பார்த்து, அரசு நிறுவனமான டாம்ப்கால் சூரணத்தை இலவசமாகவே தருவார்கள். போகும்போது எங்கள் மாதிரி மெடிக்கலில் வாங்கிய அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். காசு கொடுத்து டப்பாவாக வாங்குவதானால் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன், பெரியவர் கல்லாவில் இருந்தால். தம்பி இருந்தால் இரண்டரை. காலை பத்து மணிக்கு மேல் போனால் பெரியவர் இருப்பார், மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை தம்பிதான். ஞாயிறு அரைநாள். ஜிபே வாங்குகிறார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் மருந்து லேகியச் சாமானுக்குத் தெருவரை கூட்டம் நிற்கும், அப்போது கேள்வி கேட்க அவருக்கும் நேரம் இருக்காது, பதில் சொல்ல உங்களுக்கும் பொறுமை இருக்காது. அமுக்கரா வாங்குகிறவர்கள் பங்குனி, சித்திரையில் போனால் கிழங்கும் காய்ந்து நன்றாக இருக்கும், அவித்துக் காயவைக்க வெயிலும் கிடைக்கும்.